குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு எவ்வளவு? மக்கள்தொகைத் தரவை நீங்களே தேடி எடுக்கும் வழி

கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு விகிதத்தை இணையத்தில் தேடினால் மூன்று எண்கள் கண்ணில் படும்: 92.14, 91.75, 82.8. மூன்றுமே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான் ஆதாரமாகக் காட்டும். கல்லூரி ப்ராஜெக்ட் எழுதுகிறவர் முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்வார். மேடையில் பேசுகிறவர் இருப்பதில் பெரியதை எடுத்துக்கொள்வார். வேடிக்கை என்னவென்றால், இந்த மூன்றில் எதுவும் யாரோ வாய்க்கு வந்தபடி சொன்னதில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. எக்செல் கோப்பைத் திறந்து ஃபில்டர் போடத் தெரிந்தால் போதும். மற்றவர் போட்ட சதவீதத்தை நகலெடுக்காமல், எண்ணிக்கையை எடுத்து, சதவீதத்தை நாமே போடுவது என்ற ஒரு பழக்கம் வந்துவிட்டால் மீதியெல்லாம் தன்னால் சரியாகும்.

முதல் வேலை: கேள்வியைத் திருத்துவது

"குமரி மாவட்ட எழுத்தறிவு" என்பது கேள்வியே இல்லை. எந்த வயதினர், எந்த ஆண்டு, எந்த எல்லைக்குள், ஆணா பெண்ணா இருவருமா என்று நாலும் தெரிந்தால்தான் தரவுத்தளத்தில் தேட முடியும். ஒரு தாளில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: "2011-ல், கன்னியாகுமரி மாவட்டத்தில், 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை சதவீதம்?" இந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால் தளத்தைத் திறக்காதீர்கள். திறந்தால் ஒரு மணி நேரம் கழித்து டவுன்லோடு ஃபோல்டரில் இருபது கோப்புகள் கிடக்கும், எது எதற்கு என்று தெரியாது.

வயதை ஏன் சொல்ல வேண்டும்? 1991 முதல் இந்தியக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு விகிதம் 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 6 வயது வரையுள்ள குழந்தை பள்ளியில் படித்தாலும் இந்தக் கணக்கில் எழுத்தறிவு இல்லாதவர்தான். அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் வயது வரம்பு வேறு. அதனால் 1981-ஐயும் 2011-ஐயும் ஒரே கோட்டில் வைத்து வரைபடம் போடும்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

அட்டவணை எண்தான் முகவரி

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தளத்தில் அட்டவணைகளுக்கென்று தனிப்பகுதி இருக்கிறது. பணம் கட்ட வேண்டாம். ஆனால் தளத்தின் அமைப்பு அவ்வப்போது மாறும், இன்று சேமித்த இணைப்பு அடுத்த ஆண்டு திறக்காமல் போகலாம். எனவே இணைப்பைவிட அட்டவணையின் எண்ணை நினைவில் வைப்பதே பாதுகாப்பு. ஒரே கணக்கெடுப்புக்குள் எண் மாறாது.

ஏ எழுத்தில் தொடங்குபவை மக்கள்தொகை, பரப்பு, ஊர்கள் பற்றியவை. பி தொழில் பற்றியது. சி வரிசையில் வயது, மதம், கல்வி, தாய்மொழி இருக்கும். டி இடப்பெயர்வு. வீடு, குடிநீர், கழிப்பறை பற்றியவை ஹெச் எழுத்தில் வரும். நம் பக்கத்து ஆட்களுக்கு அடிக்கடி வேண்டியவை சில: சி-16 தாய்மொழி (விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளம் பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதவர் யார்?), சி-8 எது வரை படித்தார்கள் என்பது, ஏ-2 1901 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகை எப்படி மாறியது என்பது.

நம் கேள்விக்கு இவை எதுவும் தேவையில்லை. முதன்மைக் கணக்கெடுப்புச் சுருக்கம் என்று ஒன்று உண்டு, பிசிஏ என்பார்கள். மாவட்டம், தாலுகா, ஊர் வரை மொத்த மக்கள், 6 வயது வரையுள்ள குழந்தைகள், எழுத்தறிவு பெற்றவர்கள், வேலை செய்பவர்கள் என்று ஒரே கோப்பில் அடங்கிவிடும். புதிதாக வருகிறவர் முதலில் பழக வேண்டியது இதுதான். தேடல் பெட்டியில் பிசிஏ என்றும், தமிழ்நாடு என்றும், 2011 என்றும் ஆங்கிலத்தில் கொடுத்து எக்செல் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள்.

மாவட்டப் பெயரைத் தட்டச்சு செய்யும்போது ஒரு சிறு சிக்கல். கணக்கெடுப்புக் கோப்புகளில் நம் மாவட்டத்தின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'என்' இரண்டு வரும், அதற்கடுத்து 'ஐ' வரும். மற்ற பல தளங்களில் ஒரே 'என்'. ஒரு எழுத்துக்கூட்டலில் எதுவும் வரவில்லையென்றால் தரவே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். குறியீட்டைக் கொண்டு தேடுவது இன்னும் நல்லது: 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் குறியீடு 33, நம் மாவட்டத்தின் குறியீடு 629.

கோப்பைத் திறந்ததும் செய்ய வேண்டியது

இறக்கிய கோப்பைத் தொடாதீர்கள். அதை அப்படியே ஒரு ஃபோல்டரில் வைத்துவிட்டு, நகல் ஒன்றில் வேலை செய்யுங்கள். வரிசைகளை அழித்த பிறகு, "மூலத்தில் இது எவ்வளவு இருந்தது?" என்று சந்தேகம் வரும்போது இதன் அருமை தெரியும்.

குறியீடுகள் இருக்கும் நெடுவரிசைகளைக் கவனியுங்கள். தாலுகாவுக்கான ஐந்து இலக்கக் குறியீடு நம் மாநிலத்தில் சுழியத்தில் தொடங்கும். எக்செல் அதை எண் என்று நினைத்து முன்னால் உள்ள சுழியத்தை விழுங்கிவிடும். இரண்டு கோப்புகளைக் குறியீடு வைத்து இணைக்கும்போது ஒன்றும் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கும். அந்த நெடுவரிசைகளை எழுத்து வடிவுக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அப்புறம் ஃபில்டர். இந்தக் கோப்பில் புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான், அதனால் மெதுவாகச் சொல்கிறேன். ஒரே கோப்பில் மாநிலம், மாவட்டம், தாலுகா, ஊர், வார்டு எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். எந்த நிலை என்பதைச் சொல்ல 'லெவல்' என்று ஒரு நெடுவரிசை உண்டு. அதோடு, 'டிஆர்யு' என்ற நெடுவரிசையில் மொத்தம், கிராமப்புறம், நகர்ப்புறம் என்று மூன்று வகை. ஆக மாவட்டம் ஒன்றுக்கே மூன்று வரிசைகள் இருக்கும். இதைக் கவனிக்காமல் நெடுவரிசையின் அடியில் கூட்டல் போட்டால், ஒரே ஆளை மாவட்டத்தில் இருமுறை, தாலுகாவில் இருமுறை, ஊரில் இன்னொரு முறை என்று எண்ணிக்கொண்டே போவீர்கள். லெவலில் மாவட்டம், டிஆர்யு-வில் மொத்தம் என்று இரண்டையும் தேர்ந்தெடுங்கள். குமரிக்கு ஒரே ஒரு வரிசை மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் ஃபில்டரில் ஏதோ தவறு.

அந்த ஒரு வரிசையில் முதலில் பார்க்க வேண்டியது மொத்த மக்கள்தொகை: 18,70,374. ஆண்கள் 9,26,345, பெண்கள் 9,44,029. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். பெண்களை ஆண்களால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 1019. இதுதான் பால் விகிதம். இந்த எண்கள் உங்கள் திரையிலும் வந்தால் சரியான வரிசையில் நிற்கிறீர்கள்.

மூன்று எண்கள் வந்த வழி

சரி, இப்போது எழுத்தறிவு. அதே வரிசையில் 'லிட்' என்று முடியும் நெடுவரிசையில் எழுத்தறிவு பெற்றவர்கள் இருப்பார்கள், சுமார் 15.49 லட்சம் பேர். '06' என்று முடியும் நெடுவரிசையில் 6 வயது வரையுள்ள குழந்தைகள், 1,82,350 பேர்.

மொத்த மக்கள்தொகையிலிருந்து குழந்தைகளைக் கழித்தால் 16,88,024. எழுத்தறிவு பெற்றவர்களை இதனால் வகுத்தால் 91.75 சதவீதம். இறுதிக் கணக்கின்படி அதிகாரபூர்வமான எண் இதுதான். அதே 15.49 லட்சத்தைக் குழந்தைகளும் சேர்ந்த 18.7 லட்சத்தால் வகுத்தால் 82.8 வரும். வகுக்கும் எண் மாறியதும் ஒன்பது புள்ளி காணாமல் போனது. குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 82 சதவீதம்தான் என்று சொல்லும் பக்கங்கள் எல்லாம் இந்தக் கணக்கைப் போட்டவைதான்.

92.14? அது 2011 மார்ச் இறுதியில் தொடங்கி வெளியான தற்காலிக முடிவுகளில் இருந்தது. அப்போது மாவட்டத்தின் மக்கள்தொகை 18.63 லட்சம் என்றே அறிவிக்கப்பட்டது. பிறகு இறுதிக் கணக்கு வந்தபோது இரண்டும் மாறின. செய்தித்தாள்கள் முதலில் வந்ததை எழுதின, அதுவே இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அடுத்த கணக்கெடுப்பின் ஆதார நாள் (எந்த நாள் நிலவரப்படி ஆட்களை எண்ணுவது என்பது) 2027 மார்ச் 1 என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அப்போதும் தற்காலிக எண்கள்தான் முதலில் வரக்கூடும் என்பதால், உங்கள் ஷீட்டில் 'தற்காலிகம்' அல்லது 'இறுதி' என்று குறிக்க ஒரு நெடுவரிசை இப்போதே போட்டு வையுங்கள்.

இன்னொரு பொறி அதே கோப்பில் இருக்கிறது. 'இல்' என்று முடியும் நெடுவரிசை எழுத்தறிவு இல்லாதவர்களைச் சொல்லும். நம் மாவட்டத்துக்கு அது 3.2 லட்சத்துக்கும் மேல். "குமரியில் மூன்று லட்சம் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது" என்று தலைப்பு போடக் கை பரபரக்கும். போடாதீர்கள். அந்த எண்ணுக்குள் 1.82 லட்சம் கைக்குழந்தைகளும் பாலர்பள்ளிப் பிள்ளைகளும் ஒளிந்திருக்கிறார்கள். அவர்களைக் கழித்தால் மிஞ்சுவது சுமார் 1.39 லட்சம். பாதிக்கும் கீழே.

தாலுகாக்களை ஒப்பிட விரும்பினால் லெவலைத் துணை மாவட்டம் என்று மாற்றிவிட்டு அதே கணக்கை ஒவ்வொன்றுக்கும் போடலாம். ஆனால் தாலுகா சதவீதங்களைக் கூட்டி நாலால் வகுத்து மாவட்டச் சதவீதம் என்று சொல்லக் கூடாது. ஒவ்வொரு தாலுகாவிலும் ஆட்கள் எண்ணிக்கை வேறு. எண்ணிக்கைகளைக் கூட்டிவிட்டு, கடைசியில் ஒருமுறை வகுங்கள். அதேபோல் 2001-ல் 87.55, 2011-ல் 91.75 என்றால், 4.2 சதவீதம் கூடியது என்றல்ல, 4.2 சதவீதப் புள்ளி கூடியது என்று எழுத வேண்டும்.

மார்த்தாண்டம் எங்கே போயிற்று?

ஊர் வாரியாகத் தேடத் தொடங்கியதும் இந்தக் குழப்பம் வரும். மார்த்தாண்டம் என்று தேடினால் அந்தப் பெயரில் தனி நகரம் இருக்காது, ஏனென்றால் அது குழித்துறை நகராட்சிக்குள் இருக்கிறது. தக்கலையைப் பத்மநாபபுரம் நகராட்சியில் பார்க்க வேண்டும். பஸ் போர்டில் இருக்கும் பெயரும் கணக்கெடுப்பில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

கிராமப் பட்டியலில் உங்கள் ஊர் இல்லாவிட்டால் நகரப் பட்டியலைப் பாருங்கள். 2011-ல் நம் மாவட்டத்தில் 82 சதவீதத்துக்கும் அதிகமானோர் நகர்ப்புறத்தில் வசிப்பதாகக் கணக்கு. தென்னந்தோப்புக்கும் வாழைத் தோட்டத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கிறவருக்குச் சிரிப்பு வரலாம். பேரூராட்சிகள் எல்லாம் நகரம்தான். அது தவிர, மக்கள்தொகை 5,000-க்குக் குறையாமல், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் (ஆண்டில் ஆறு மாதமாவது வேலை செய்தவர்கள்) 75 சதவீதத்தினராவது வேளாண்மை அல்லாத வேலையில், சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையாமல் இருந்தால், ஊராட்சியாகவே இருந்தாலும் அதைக் கணக்கெடுப்பு நகரம் என்று வகைப்படுத்துவார்கள். 2001-ல் 65 சதவீத அளவில் இருந்த நகர்ப்புற மக்கள் பத்தே ஆண்டில் இப்படி எகிறியதைப் பார்த்து, எல்லோரும் நாகர்கோவிலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள் என்று எழுதிவிடக் கூடாது. ஆட்கள் இருந்த இடத்திலேயே இருக்க, ஊரின் வகை மாறியிருக்கலாம்.

எல்லைகளும் அப்படித்தான். 2011 கோப்பில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று நாலு தாலுகாக்கள்தான். திருவட்டாறும் கிள்ளியூரும் அதன் பிறகு வந்தவை, அந்தப் பெயரில் 2011 தாலுகாக் கணக்கு கிடையாது. வேண்டுமானால் இப்போது அந்தத் தாலுகாவில் உள்ள ஊர்களின் பட்டியலை எடுத்து, 2011 கோப்பில் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துக் கூட்ட வேண்டும். கூட்டியதை "2011 தரவு, இன்றைய எல்லைப்படி நாம் தொகுத்தது" என்று எழுதிவிடுங்கள். நாகர்கோவில் 2019-ல்தான் மாநகராட்சி ஆனது, 2011-ல் உள்ள 2,24,849 பேர் பழைய நகராட்சி எல்லைக்குரியவர்கள்.

இன்னும் பின்னால் போனால் மாநிலமே மாறிவிடும். 1956 நவம்பர் 1-க்கு முன் நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். 1951 கணக்கெடுப்பின் மூலத் தொகுதிகளில் குமரியைச் சென்னை மாநிலத்தில் தேடினால் கிடைக்காது, திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்தாலுகாக்களாகத்தான் கிடைக்கும். ஆனால் மொத்த மக்கள்தொகை மட்டும் போதுமென்றால் இந்த அலைச்சல் வேண்டாம். ஏ-2 அட்டவணையில் பழைய ஆண்டுகளையும் இன்றைய மாவட்டத்துக்குப் பொருத்திக் கொடுத்திருக்கிறார்கள். 1951-க்கு 8,26,380 என்று அதில் இருக்கும்.

பால்வெட்டுகிறவர் எந்தக் கட்டத்தில்?

பிசிஏ-வில் தொழிலாளர்களை நாலாகப் பிரித்திருப்பார்கள்: விவசாயி, விவசாயக் கூலி, வீட்டுத்தொழில் செய்பவர், இதர தொழிலாளர். குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் இதில் எங்கே? இதர தொழிலாளர். கணக்கெடுப்பின் வரையறையில் தேயிலை, காப்பி, ரப்பர், தென்னை, பாக்கு ஆகியவை சாகுபடி என்பதில் சேராது. குளச்சலில் மீன்பிடிக்கப் போகிறவரும் இதர தொழிலாளரே. வாத்தியாரும் வங்கி ஊழியரும் அதே கட்டம்தான். எனவே "குமரியில் விவசாயம் அழிந்துவிட்டது, இதர தொழிலாளர் இத்தனை சதவீதம்" என்று பிசிஏ-வை வைத்து எழுதுவது ஆபத்து. பி-4 அட்டவணைக்குப் போங்கள். அங்கே தோட்டம், கால்நடை, காடு, மீன்பிடிப்பு ஆகியவை சேர்ந்து ஒரு தனி வகையாக இருக்கும். ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்காது, என்றாலும் ஆசிரியரிடமிருந்து பால்வெட்டுத் தொழிலாளரைப் பிரித்துவிடலாம்.

யாரை எண்ணவே இல்லை என்பதையும் யோசிக்க வேண்டும். 2011-ல் ஆட்களை எண்ணிய காலம் பிப்ரவரி 9 முதல் 28 வரை. அந்தக் காலம் முழுக்க வீட்டில் இல்லாதவர் அந்த வீட்டுக் கணக்கில் வரமாட்டார். வளைகுடா நாடுகளில் வேலை செய்பவர்கள் இதில் இல்லை. தூத்தூர், வள்ளவிளை பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் தங்கும் ஆண்களைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்டாக வேண்டும். கடலோர ஊர் ஒன்றின் பால் விகிதத்தைப் பார்த்து வியக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிடிஎஃப் ஆக மட்டும் கிடைத்தால்

மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு பிடிஎஃப் ஆக வரும். ஊரில் பள்ளி, மருத்துவமனை, வங்கி இருக்கிறதா என்ற விவரம் அதில்தான் இருக்கிறது. இல்லாத இடங்களில் ஏ, பி, சி என்ற எழுத்துகள் மட்டும் இருக்கும்: அந்த வசதி 5 கிலோமீட்டருக்குள், 5 முதல் 10-க்குள், 10-க்கும் மேல் என்று பொருள். டபுலா என்ற இலவச மென்பொருள் பிடிஎஃப் அட்டவணையைச் சிஎஸ்வி, அதாவது எக்செலில் திறக்கக்கூடிய எளிய கோப்பு, ஆக்கித் தரும். பழைய தொகுதிகள் ஸ்கேன் செய்த படங்கள் என்பதால் அதற்கு அவை பிடிபடாது, எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) போட்டாலும் 3-ம் 8-ம் இடம் மாறும். ஆண், பெண் கூட்டுத்தொகை மொத்தத்தோடு பொருந்துகிறதா, ஊர்களின் கூட்டுத்தொகை தாலுகாவோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் பாருங்கள். சலிப்பான வேலைதான்.

கணக்கெடுப்பைத் தாண்டி

2011-க்குப் பிறகான நிலவரம் வேண்டுமென்றால் தேசியக் குடும்பநல ஆய்வு உதவும். அதன் ஐந்தாவது சுற்று 2019-21-ல் நடந்தது, மாவட்டத்துக்கு ஒரு தகவல் தாள் இருக்கிறது. ஆனால் அது மாதிரிக் கணக்கெடுப்பு, வீடுவீடாக எல்லோரையும் எண்ணியதில்லை. அடைப்புக்குறிக்குள் உள்ள எண் 25 முதல் 49 பேரை மட்டும் வைத்துப் போட்டது. நட்சத்திரக் குறி இருந்தால் 25 பேர்கூடத் தேறவில்லை. அதிலும் பெண்களின் எழுத்தறிவு என்று ஒன்று வரும், 15 முதல் 49 வயதுப் பெண்களுக்கு மட்டும். அதைக் கொண்டுபோய் 91.75-க்குப் பக்கத்தில் வைத்து உயர்ந்தது, தாழ்ந்தது என்று பேச முடியாது.

விலைவாசி, வேலைவாய்ப்பு, தொழில் உற்பத்தி போன்றவற்றுக்கு மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2024-ல் தொடங்கிய இ-சாங்கியிகி தளத்தைப் பாருங்கள். நாடு, மாநில அளவில் நன்றாகக் கிடைக்கும். மாவட்டம் என்று இறங்கினால் பெரும்பாலும் கை விரித்துவிடும். ரப்பரில் இந்தியா மற்ற நாடுகளோடு எப்படி நிற்கிறது என்று பார்க்க ஐநா உணவு வேளாண்மை அமைப்பின் ஃபாஓஸ்டாட் இருக்கிறது. நாடு, பயிர், அளவு, ஆண்டு என்று நாலு பெட்டிகளில் தேர்ந்தெடுத்தால் சிஎஸ்வி கோப்பு வந்துவிடும். அதில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். ஏ என்றால் அரசு தந்த அதிகாரபூர்வ எண், இ மதிப்பீடு, ஐ விடுபட்ட இடத்தைக் கணக்கிட்டு நிரப்பியது. அந்த நெடுவரிசையை வெட்டி எறிந்துவிட்டு வரைபடம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

பயிர்ப் பரப்பு, மழை, பள்ளிகள் போன்ற மாவட்ட விவரங்களுக்கு மாநிலப் பொருளியல் புள்ளியியல் துறை வெளியிடும் மாவட்டப் புள்ளியியல் கையேடுதான் கதி. பயிர்க் கணக்கில் ஆண்டு என்பது ஜூலை முதல் ஜூன் வரை ஓடும் பசலி ஆண்டு. பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும்: பசலி 1420 என்றால் 2010 ஜூலை முதல் 2011 ஜூன் வரை. உங்களுக்கு வேண்டிய ஆண்டின் கையேடு இணையத்தில் கிடைக்காவிட்டால், நாகர்கோவிலில் உள்ள மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்கலாம். போகும்போது எந்த அட்டவணை, எந்தப் பசலி, எந்தத் தாலுகாக்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "ரப்பர் பற்றி ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டால், "என்ன வேண்டும்?" என்றுதான் அவர்களும் திருப்பிக் கேட்பார்கள்.